பனிமலை ஏறிய வண்டிகளும் மெட்ராஸ் தம்பிகளும்

நவம்பர் 1 என்றால் காலாப்பட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும், புதுச்சேரி விடுதலை நாள். கொடியேற்றம், மிட்டாய், லீவு. 1954 நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஊர்களின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டைத் தாண்டி வந்தால் மறுபடியும் புதுச்சேரி என்று போர்டு வரும் இந்தக் காலாப்பட்டுத் துண்டும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

ஆனால் அதற்குச் சரியாக 6 வருடம் முன்பு, 1948 நவம்பர் 1 அன்று, இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு சம்பவம் நடந்தது. காஷ்மீரில் சோஜி லா என்ற கணவாயில், 3,528 மீட்டர் உயரத்தில், கொட்டும் பனியில் இந்திய ராணுவத்தின் டாங்கிகள் ஏறிப் போயின. அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகில் யாரும் டாங்கியைக் கொண்டுபோய்ச் சண்டை போட்டதில்லை என்று ராணுவ வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். அந்த டாங்கிகள் போவதற்கான பாதையை வெட்டிக் கொடுத்தது யார்? மெட்ராஸ் சாப்பர்ஸ். அதாவது தென்னாட்டு ஆட்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் சொந்த ஊரில் பனி என்றால் மார்கழி மாதம் காலையில் புல் மேல் இருக்கும் ஈரம்தான்!

இங்கே ஒரு சின்ன விஷயம். தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி, ஈ.சி.ஆர். ரோட்டில் விடிகாலையில் பஸ்ஸை மறைப்பதும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையில் வருவது மூன்றாவது பனி. அதன் மேல் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் வண்டியை எப்படித் தயார் செய்ய வேண்டும், அதை மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதே விஷயம்.

பனி வண்டியை என்ன செய்யும்?

முதலில் பிடிமானம் போய்விடும். டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உராய்வு இல்லையென்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத மாதிரிதான். புதிதாக விழுந்த பனி கூடப் பரவாயில்லை. நாலு வண்டி ஏறி இறங்கி அழுத்தி, இரவில் உறைந்து கண்ணாடி மாதிரி ஆன பனி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்வது.

இரண்டாவது குளிர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வெளியே நிறுத்தினால் காலையில் ரேடியேட்டர் வெடித்திருக்கும், சில சமயம் இஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். இஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். பேட்டரியின் சக்தி பாதியாகக் குறையும். ஆக, இஞ்சினைச் சுற்றுவதற்கு அதிக பலம் தேவைப்படும் நேரத்தில்தான் பேட்டரி கைவிடும். டீசல் வண்டி என்றால் இன்னொரு தொல்லை. டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது உயரம். இது பனியால் வருவது இல்லை, ஆனால் நம் நாட்டில் பனி மலையில்தானே கிடக்கிறது! சோஜி லா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்ப்பரேட்டர் இஞ்சினுக்குக் காற்று குறைந்தால் பலமும் அதே கணக்கில் குறையும். நம்ம தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னும் 900 மீட்டரை ஏற்றி வைத்தால் சோஜி லா.

ஜார் மன்னரின் கராஜ்

இந்தப் பிரச்சனையை முதலில் சீரியசாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு இஞ்சினியர். அவர் வேலை பார்த்தது ரஷ்யாவில், ஜார் இரண்டாம் நிகோலஸின் கார் கராஜில். ஜாருக்குக் கார் மேல் ஆசை அதிகம். ஆனால் ரஷ்யாவில் வருடத்தில் பல மாதம் பனி. சாமான்யனுக்குக் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி போதும், ராஜாவுக்குக் கார் வேண்டும் அல்லவா?

கெக்ரெஸ் செய்தது இதுதான். பின் சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரப்பர் பெல்ட் ஓடும் அமைப்பைப் பொருத்தினார். முன் சக்கரங்களுக்குச் சறுக்குப் பலகை. வண்டியின் எடை நாலு சின்ன இடத்தில் அழுந்தாமல் நீளமான பெல்ட் முழுக்கப் பரவியதால் வண்டி பனியில் புதையவில்லை. புரட்சி வந்து ஜார் போனார், கராஜ் மிஞ்சியது. அதே முறையில் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றில் லெனின் போனார்! அந்தக் கார் மாஸ்கோவுக்கு வெளியே லெனின் வாழ்ந்த கோர்க்கி என்ற இடத்து மியூசியத்தில் இருக்கிறது. அரசியல் மாறினாலும் பனி மாறாது போல.

கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பி ஆந்த்ரே சிட்ரோயனுடன் சேர்ந்தார். பனிக்காகச் செய்த பெல்ட் மணலுக்கும் ஒத்து வந்தது. 1922 டிசம்பரில் கிளம்பிய சிட்ரோயன் வண்டிகள் சஹாரா பாலைவனத்தைத் தாண்டி 1923 ஜனவரியில் திம்புக்டு போய்ச் சேர்ந்தன. கார் விளம்பரத்துக்காகச் செய்ததுதான், இருந்தாலும் சாதனை சாதனைதான்.

அடுத்துதான் நம் கதைக்கு வேண்டிய பயணம். 1931 ஏப்ரலில் ஜார்ஜ் மரி ஆர்ட் தலைமையில் ஒரு குழு பெய்ரூட்டில் இருந்து சீனாவை நோக்கிக் கிளம்பியது. பிரெஞ்சில் இதை "மஞ்சள் பயணம்" என்பார்கள். சீனாவில் இருந்து இன்னொரு குழு எதிர்த் திசையில் வர வேண்டும், நடுவில் சந்திக்க வேண்டும் என்பது திட்டம். நடுவில் நிற்பது யார்? இமயமலை!

ஸ்ரீநகர் வரை வண்டிகள் வந்துவிட்டன. அங்கிருந்து கில்கிட்டுக்குப் போகும் வழி கோவேறு கழுதைகளுக்கான பாதை. சில இடங்களில் வண்டியின் அகலத்துக்குக் கூட இடம் இல்லை. எல்லா வண்டிகளையும் கொண்டு போக முடியாது என்று தெரிந்ததும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஜூலை மாதம் கிளம்பினார்கள். பர்சில் கணவாயில், நாலாயிரம் மீட்டருக்கு மேலே, ஜூலையிலும் பனி. ஒரு இடத்தில் பாதை சரிந்து, வண்டி பள்ளத்தின் விளிம்பில் தொங்கி நின்றது. போக முடியாத இடத்தில் வண்டியைக் கழற்றிப் பாகம் பாகமாக ஆட்களின் முதுகில் ஏற்றி, அந்தப் பக்கம் போய் மறுபடியும் பூட்டினார்கள். சுமார் 350 கிலோமீட்டர் போக மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கில்கிட்டோடு அந்த இரண்டு வண்டிகளின் பயணம் முடிந்தது. அதற்கு அப்பால் மனிதர்கள் குதிரையில் போய், மறுபக்கம் சீனக் குழுவைச் சந்தித்து, அவர்கள் கொண்டுவந்த வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள்.

அதன் பிறகு கோபி பாலைவனத்துக் குளிர்காலம். இஞ்சினை நிறுத்தினால் உறைந்துவிடும் என்பதால் ராத்திரியிலும் நிறுத்தாமல் ஓட விட்டிருக்கிறார்கள். 1932 பிப்ரவரியில் பீக்கிங் சேர்ந்தார்கள். அடுத்த மாதமே ஹாங்காங்கில் நிமோனியா வந்து ஆர்ட் இறந்துபோனார்.

பாரிசில் இதையெல்லாம் புத்தகமும் சினிமாவுமாகக் கொண்டாடினார்கள். உலகின் மிகச் சிறந்த பெல்ட் வண்டி, கைதேர்ந்த மெக்கானிக்குகள், கொட்டிக் கிடந்த பணம், எல்லாம் இருந்தன. இருந்தும் இமயமலையை அந்த வண்டிகள் தாண்டியதா என்றால், பாதி வழி மனித முதுகில்தான் தாண்டின. காரணம், வண்டி தயாராக இருந்தது, பாதை தயாராக இல்லை. 17 வருடம் கழித்து சோஜி லாவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

கயிறும் சங்கிலியும்

அதற்குள் சாதாரண கார்க்காரனின் கதையையும் பார்த்துவிடலாம். பெல்ட் வைக்க ஜாருக்குத்தான் முடியும். அமெரிக்காவில் ஆரம்ப காலத்து டிரைவர்கள் சேற்றிலும் பனியிலும் டயரைச் சுற்றிக் கயிறு கட்டி ஓட்டினார்கள். ஹாரி வீட் என்பவர் இதைப் பார்த்துவிட்டு, கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி போட்டால் என்ன என்று யோசித்து 1904-ல் காப்புரிமை வாங்கினார். டயரின் இரண்டு பக்கமும் இரண்டு வளையம், நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள். இன்றைக்கும் அதே அமைப்புதான். இவ்வளவு வருடம் கழித்தும் மாறாத கார் பாகம் வேறு எத்தனை இருக்கிறது?

ரேடியேட்டர் உறையாமல் இருக்க முதலில் ஆல்கஹால் கலந்தார்கள். அது சூட்டில் ஆவியாகிப் போய்விடும், அடிக்கடி ஊற்ற வேண்டும். கிளிசரின், தேன் எல்லாம் கூட முயற்சி செய்தவர்கள் உண்டு. கடைசியில் கைகொடுத்தது எத்திலீன் கிளைக்கால். இதை முதலில் தயாரித்தவர் வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1850-களில். அப்போது கார் என்ற பொருளே உலகத்தில் கிடையாது! தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலன்ட் என்று பச்சை, சிவப்பு நிறத்தில் விற்கிறார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் இதுதான். காலாப்பட்டு வெயிலில் இது இஞ்சின் கொதிக்காமல் இருக்க, லடாக்கில் இஞ்சின் உறையாமல் இருக்க. ஒரே டப்பா, இரண்டு வேலை.

குளிர்கால டயர் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1934-ல் பின்லாந்தில் லாரிக்காகத் தனிக் குளிர்கால டயர் செய்தார்கள், இரண்டு வருடம் கழித்துக் காருக்கும் வந்தது. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பிக்கும். குளிர்கால டயரின் ரப்பர் இளகியே இருக்கும்படி செய்யப்படுகிறது. இன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம். மாண்ட்ரியலில் இருக்கும் நம் ஈழத்துச் சொந்தங்கள் வருடா வருடம் இரண்டு முறை டயர் மாற்றுவது இதனால்தான்.

1948: சோஜி லா

இப்போது முக்கியமான கதைக்கு வருவோம்.

1948 கோடைக்குள் பாகிஸ்தான் தரப்புப் படைகளும் கில்கிட் ஸ்கவுட்ஸும் கார்கில், திராஸ் எல்லாவற்றையும் பிடித்துவிட்டன. ஸ்ரீநகரில் இருந்து லே போகும் ஒரே வழி சோஜி லா. அதுவும் அவர்கள் கையில். லே நகரம் தனித்து நின்றது. மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தைக் கொண்டுபோய் லேயில் ஆற்றங்கரை மணல்மேட்டில் இறக்கினார். கூடவே போனவர் ஜெனரல் திம்மையா. அவர் குடகுக்காரர். ஆகாய வழியாகக் கொஞ்சம் ஆட்களும் சாமானும் அனுப்பலாம், அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதம் ஸ்கர்டு கோட்டையும் விழுந்துவிட்டது. குளிர்காலம் வந்து கணவாய் மூடிக்கொண்டால் அடுத்த கோடை வரை லே தாக்குப் பிடிக்குமா என்பதே கேள்வி.

செப்டம்பரில் காலாட்படையை வைத்து சோஜி லாவைத் தாக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. கணவாய் குறுகலானது, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அதன் மேல் பதுங்கு குழிகளில் மெஷின் கன். ஏறி வருபவன் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தட்டில் வைத்த சாப்பாடு மாதிரி. நிறைய உயிர் போனது.

அப்போதுதான் டாங்கியைக் கொண்டு போனால் என்ன என்ற யோசனை வந்தது. திம்மையா கேட்டார், மேற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த கரியப்பா சம்மதித்தார். ராஜிந்தர் சிங் என்ற லெப்டினன்ட் கர்னலின் தலைமையில் இருந்த 7-வது கேவல்ரி படைப்பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் தேர்வாயின. மற்ற டாங்கிகளோடு ஒப்பிட்டால் இது லேசான ரகம். லேசு என்றாலும் சுமார் 15 டன்! ஆள் நிறைந்த ஒரு பஸ்ஸின் எடை. அது ஏற வேண்டியது கழுதைப் பாதையில்.

ஜம்மு பக்கத்தில் இருந்து ஸ்ரீநகருக்கு வருவதே ஒரு பெரிய வேலை. ஜவஹர் சுரங்கப்பாதை எல்லாம் அப்போது கிடையாது, அது வந்தது 1956-ல். 2,832 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனிஹால் கணவாயின் மேலேயே ஏறி இறங்க வேண்டும். வழியில் இருக்கும் பாலங்கள் அந்த எடைக்குக் கட்டியவை அல்ல. எனவே டாங்கியின் தலைப்பகுதியை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டார்கள். இதனால் இரண்டு லாபம். ஒன்று, எடை குறைந்தது. இரண்டு, தார்ப்பாய் போட்டு மூடினால் பார்ப்பவனுக்கு அது டாங்கி என்றே தெரியாது. ஸ்ரீநகரில் ஊரடங்கு போட்டு, யார் கண்ணிலும் படாமல் நகரத்தைக் கடந்து பால்டால் வரை கொண்டுபோனார்கள். அங்கே போய் மேல்பாகத்தை மறுபடியும் பூட்டினார்கள். சிட்ரோயன் ஆட்கள் வண்டியைக் கழற்றிப் பூட்டியது வேறு வழி இல்லாமல். இவர்கள் செய்தது யோசித்துப் போட்ட திட்டம்.

ஆனால் பால்டாலில் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கணவாயின் தலைக்கு 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். இந்த இடத்தில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் வருகிறார்கள்.

சாப்பர்ஸ் என்றால் ராணுவத்தின் பொறியாளர் படை. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. மெட்ராஸ் சாப்பர்ஸின் தொடக்கம் 1780. தலைமையகம் பெங்களூரில், அல்சூர் ஏரி பக்கம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் ஆட்கள் எல்லோரும் இதில் உண்டு. ஆனால் ராணுவம் முழுக்க இவர்களுக்கு இருக்கும் செல்லப் பெயர் தமிழ்ப் பெயர்: தம்பி. பஞ்சாபிக்காரர் முதல் கூர்க்கா வரை எல்லோரும் இவர்களைக் கூப்பிடுவது அப்படித்தான்.

மேஜர் தங்கராஜு என்பவரின் கீழ் தம்பிகளின் இரண்டு கம்பெனிகள் பால்டாலில் வேலையை ஆரம்பித்தன. கழுதை போகும் பாதையை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்த வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, பாறைக்கு வெடி. மேலே எதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். குளிர் ஏறிக்கொண்டே போகிறது. பனிமலைக்கு ஏற்ற உடுப்பு படைக்குப் போதுமான அளவில் கிடையாது, அந்தப் போர் முழுக்கவே பனிக்கடியில் விரல்களை இழந்தவர்கள் ஏராளம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நாலு முறை கடப்பாரையை ஓங்கினால் மூச்சு வாங்கும். இதையெல்லாம் சமாளித்து அக்டோபர் நடுவில் பாதையை முடித்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டாங்கியும் கெக்ரெஸ் வண்டி மாதிரி பெல்ட்டில் ஓடுவதுதான், ஆனால் இரும்புப் பெல்ட். சேற்றில் அது ராஜா. உறைந்த பாறை மேலோ இரும்பு வழுக்கும். கொஞ்சம் பக்கவாட்டுச் சரிவு இருந்தால் போதும், 15 டன் அப்படியே பள்ளத்தாக்குக்குள் போய்விடும். எனவே அகலம் மட்டும் போதாது. பாதை மலைப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், வளைவில் டாங்கி திரும்ப இடம் வேண்டும், ஓரம் இடியாமல் நிற்க வேண்டும். இதெல்லாம் பாதை போடுபவனின் கையில் இருப்பது, ஓட்டுபவனின் கையில் இல்லை.

பாதை தயார், டாங்கி தயார், வானம் மட்டும் தயாராக இல்லை. அக்டோபரில் நடக்க வேண்டிய தாக்குதல் பனிப்பொழிவால் தள்ளிப்போனது. ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதும் ஆபத்து. ரகசியம் வெளியே போய்விடலாம், கணவாய் மொத்தமாக மூடிவிடலாம். கடைசியில் நவம்பர் 1 அன்று, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். டாங்கிகள் வரிசையாகத் தம்பிகள் போட்ட பாதையில் ஏறின. முன்னால் போன டாங்கி ஒன்றில் திம்மையாவே இருந்தார். ஒரு டிவிஷனின் ஜெனரல் அப்படிப் போவது வழக்கம் இல்லை.

மேலே பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கு இஞ்சின் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் இந்த உயரத்தில், இந்தப் பனியில் டாங்கி வரும் என்று யார் நினைப்பார்கள்? பீரங்கிக் குண்டு நேராகப் பதுங்கு குழிக்குள் விழ ஆரம்பித்ததும் நிலைகளை விட்டு ஓடினார்கள். செப்டம்பரில் அத்தனை உயிரைக் கொடுத்தும் கிடைக்காத கணவாய் ஒரே நாளில் கிடைத்தது. நவம்பர் நடுவில் திராஸ், கடைசி வாரத்தில் கார்கில் என்று படை முன்னேறியது. லேக்கு வழி திறந்தது. 1949 ஜனவரி 1 அன்று போர் நிறுத்தம்.

திம்மையாவின் பெயரில் சாலைகள் இருக்கின்றன. அது நியாயம்தான், அவர் பெரிய மனிதர். டாங்கிப் படையின் பெயரும் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் தங்கராஜு என்ற பெயரைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? டாங்கி ஏறியது எல்லோருக்கும் தெரிகிறது, எதன் மேல் ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. சிட்ரோயன் குழுவிடம் இல்லாதது எது என்று பார்த்தால் விடை அதுதான். அவர்களிடம் தங்கராஜுவின் ஆட்கள் இல்லை!

அதற்குப் பிறகு

1960 மே 7 அன்று எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டது. காஷ்மீரில் அதன் பெயர் பீக்கன் திட்டம். டாங்கிக்காக அவசரத்தில் வெட்டிய பாதை இருந்த கணவாயில் லாரி போகும் ரோடு வந்தது. ஆனாலும் சோஜி லா வருடத்தில் ஐந்து, ஆறு மாதம் மூடியே கிடக்கும். இப்போது பனி வெட்டும் மெஷின்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். 2022-ல் 73 நாள் மூடியிருந்தது. 2025-ல் 32 நாளில் திறந்துவிட்டார்கள். சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டது. சோஜி லாவுக்குக் கீழேயே 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்கு 2020-ல் வேலை ஆரம்பித்தார்கள்.

வண்டியின் பக்கமும் முன்னேற்றம் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் டீசல் உறைந்துபோய், டேங்குக்கு அடியில் தீ மூட்டி இளக்குவது டிரைவர்களின் பழைய வழக்கம். மண்ணெண்ணெய் கலப்பதும் உண்டு. கேட்டாலே பயமாக இருக்கிறது, ஆனால் மைனஸ் 20 டிகிரியில் நடு ரோட்டில் நிற்பவனுக்கு அதுதான் வழி. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகம் செய்தது. அதாவது சோஜி லாவில் டாங்கி ஏறி 71 வருடம் கழித்து!

சரி, காலாப்பட்டில் இருந்து ஒரு காரை எடுத்துக்கொண்டு ஜனவரியில் சோனாமார்க் போக ஒருவர் ஆசைப்பட்டால்? இந்த வரலாறு முழுவதும் அவருடைய மெக்கானிக் ஷெட்டிலேயே இருக்கிறது. ஆயில் டப்பாவில் 20-டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். அந்த டபிள்யூ ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குளிரில் ஆயில் இளகி ஓடும். நம்ம ஊருக்கு 20 போதும், அங்கே 5 அல்லது 0 வேண்டும். ரேடியேட்டரில் இருப்பது கூலன்டா, பைப் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. சார்ஜ் இறங்கிய பேட்டரி சுலபமாக உறையும், முழு சார்ஜில் இருப்பது உறையாது. இங்கே நிரப்பிய டீசலோடு மலை ஏறக் கூடாது. டேங்க்கைக் காலியாக்கிக்கொண்டே போய் அந்தப் பக்கத்துப் பங்கில் நிரப்ப வேண்டும். கண்ணாடி கழுவும் டப்பாவில் சோப்புத் தண்ணீர் இருந்தால் அதுவும் உறையும்.

கடற்கரை ஊர்க் கார்களுக்கு இன்னொரு சிக்கல். உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். சங்கிலி கட்டி ஓட்டும்போது வரும் அதிர்வில் துருப்பிடித்த சைலன்சர் கழன்று விழுந்தால் ஆச்சரியமில்லை.

சங்கிலியை இஞ்சின் சுற்றும் சக்கரத்தில் கட்ட வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் காரில் பின் சக்கரத்தில் கட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. கட்டிய பிறகு 30, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பனி இல்லாத தார் ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயரும் ரோடும் சேர்ந்து வீணாகும். காலாப்பட்டு வெயிலிலேயே நாலு முறை கட்டிக் கழற்றிப் பழகிக்கொண்டால், விரல் மரத்துப்போகும் குளிரில் கை தானாக வேலை செய்யும்.

இரவில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கை பிரேக்கை இழுத்து வைக்கவே கூடாது, ஈரமான கேபிள் உறைந்து காலையில் சக்கரம் அசையாது. கியரில் போட்டுவிட்டு டயருக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நாமக்கல் லாரி கிளீனர்கள் எந்த மேட்டில் வண்டி நின்றாலும் முதலில் குதித்து இறங்கிச் செய்வது அதைத்தான்.